வாயால் நிறுத்திய கான்கிரீட் நிற்காது: ஒரு புதிய கட்டட ஆய்வாளருக்குப் பதில்

கேள்வி: வணக்கம் சார். சிவில் படித்துவிட்டு ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் கட்டட ஆய்வாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பயிற்சி என்று மூன்று நாள் வகுப்பு நடத்தினார்கள், விதித் தொகுப்பைக் கையில் கொடுத்தார்கள், நான்காம் நாளே தனியாக சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன மாதம் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத் தூண்களைப் பார்க்கப் போனேன். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் கொக்கிகளை 135 டிகிரிக்கு மடக்க வேண்டும் என்று வரைபடத்தில் இருக்கிறது, அங்கே 90 டிகிரியில் மடக்கியிருந்தார்கள். தூண் அடியில் 100 மில்லிமீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டிய ரிங், 200-க்கு ஒன்று இருந்தது. சரிசெய்யாமல் கான்கிரீட் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒப்பந்ததாரர் என் மேலதிகாரிக்கு போன் செய்தார். அன்று சாயங்காலமே போட்டு முடித்துவிட்டார்கள். இதையெல்லாம் பெரிதுபடுத்தாதே என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். இப்போது முதல் மாடி ஸ்லாப்புக்கு சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. நான் செய்தது தப்பா? என்ன பயிற்சி கேட்பது, எப்படிக் கேட்பது? இந்த வேலையில் இருப்பதா, விடுவதா?

பதில்: வணக்கம்மா. தூணைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், அது காத்திருக்காது.

நீங்கள் பார்த்தது சின்ன விஷயம் இல்லை. நிலநடுக்கம் வரக்கூடிய இடங்களுக்கான விதிகளில் தூணின் இரு முனைகளிலும் ரிங்குகளை நெருக்கிக் கட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: நில அதிர்வில் தூண் உடைவது பெரும்பாலும் அடியிலும் தலையிலும்தான். அங்கே மேல்பூச்சு கான்கிரீட் முதலில் உதிரும். உதிர்ந்ததும் 90 டிகிரி கொக்கிக்குப் பிடிமானம் போய்விடும், ரிங் வாயைத் திறக்கும், நெடுங்கம்பிகள் வெளிப்பக்கமாக வளைந்து பிதுங்கும், அப்புறம் அந்தத் தூண் எடையைத் தாங்காது. 135 டிகிரி கொக்கி என்றால் அதன் வால் தூணின் உள்கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும், வெளித்தோல் உதிர்ந்தாலும் விடாது. பல நாட்டு விதிகளில் இந்த நெருக்கிக் கட்டும் பகுதிக்கு ஒரே கணக்குதான்: தூணின் பெரிய பக்க அளவு, தூண் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, 450 மில்லிமீட்டர், இந்த மூன்றில் எது பெரிதோ அது. அந்த முழங்கால் உயரத்தில்தான் கட்டடத்தின் உயிர் இருக்கிறது. நீங்கள் சரியான இடத்தில்தான் குனிந்து பார்த்திருக்கிறீர்கள்.

இப்போது என்ன செய்யலாம்? தூணை இடித்துவிடு என்று போய் நிற்காதீர்கள், அதற்கு இன்னும் அவசியம் இல்லை, அப்படிப் போனால் பேச்சே முறிந்துவிடும். இன்றைக்கே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தத் தூண்கள், வரைபட எண் என்ன, அதில் உள்ளது என்ன, நேரில் அளந்தது என்ன. டேப் வைத்து எடுத்த போட்டோ இருந்தால் சேருங்கள். கட்டமைப்பை வடிவமைத்த பொறியாளரிடமிருந்து எழுத்துமூலமான பதில் வேண்டும், அது வரும்வரை முதல் மாடி ஸ்லாப் கான்கிரீட் போடக் கூடாது, இரண்டையும் அதிலேயே கேளுங்கள். கூடவே கவர் மீட்டர் வைத்துத் தூண்களை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கான்கிரீட்டுக்குள் ரிங் எத்தனை மில்லிமீட்டருக்கு ஒன்று இருக்கிறது என்று அது காட்டிவிடும். கொக்கியின் வளைவை அது காட்டாது, அதற்கு ஒன்றிரண்டு தூண்களில் மூலைப் பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தால் போதும். குறை உறுதியானால் தூணுக்கு வெளியே கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடலாம், எஃகுத் தகடு சுற்றலாம், நார்த்துணி ஒட்டிச் சுற்றலாம். எது என்று வடிவமைத்தவர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். மேலே இன்னும் ஒரு மாடிகூட ஏறவில்லை. நான்கு மாடியும் எழும்பி ஆட்கள் குடிவந்த பிறகு இதே வேலைக்கு எத்தனை மடங்கு செலவு, எத்தனை சண்டை என்று ஒப்பந்ததாரருக்கே தெரியும். அதை அவரிடம் சொல்லவும் செய்யுங்கள்.

செய்தது தப்பா என்று கேட்கிறீர்கள். ஒன்றே ஒன்று: வாயால் சொல்லிவிட்டு வந்தது. வாயால் சொன்னதை ஒரு போன் அழித்துவிடும். எழுதிக் கொடுத்ததை அழிக்க இன்னொருவர் எழுத வேண்டும், தன் பெயரைப் போட்டு எழுத வேண்டும், அந்த இடத்தில்தான் பாதிப் பேர் தயங்கி நின்றுவிடுவார்கள். ஆனால் இதை உங்கள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்று நாள் வகுப்பில் உங்களுக்கு இதை யார் சொல்லித்தந்தார்கள்? நிறுத்த உத்தரவுப் படிவம் உங்கள் பையில் இருந்ததா? அதில் கையெழுத்திடும் அதிகாரம் உங்களுக்கா மேலதிகாரிக்கா, எந்தப் பிரிவின் கீழ் என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள், எனக்கும் யாரும் சொல்லவில்லை.

எழுதியும் பலனில்லாமல் போனதுண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் சிடிவி கட்டடம் என்று ஒரு ஆறு மாடி. 1986-ல் அதன் வரைபடம் அனுமதிக்கு வந்தபோது நகர சபைப் பொறியாளர் ஒருவர் சந்தேகப்பட்டு, கேள்விகளை வரிசையாக எழுதி அனுப்பினார். அதற்கு அப்புறமும் அனுமதி கொடுக்கப்பட்டது. 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் அந்தக் கட்டடம் தரைமட்டமாகி 115 பேர் இறந்தார்கள். விசாரித்த ராயல் கமிஷன், வடிவமைப்பு அன்றைய விதிகளுக்கே ஒத்துவரவில்லை, அந்த அனுமதியைக் கொடுத்திருக்கவே கூடாது என்றது. அந்தப் பொறியாளருக்கு அறிவு இருந்தது, எழுதும் பழக்கமும் இருந்தது. அவருக்குப் பின்னால் அலுவலகம் நிற்கவில்லை.

2013-ல் வங்கதேசத்தில் சாவர் என்ற இடத்தில் ராணா பிளாசா விழுந்தது நினைவிருக்கும். ஏப்ரல் 23-ம் தேதி தூண்களில் விரிசல் தெரிந்தது, வந்து பார்த்த பொறியாளர் ஒருவர் கட்டடம் ஆபத்தானது என்று சொல்லிவிட்டார். கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடின. மேல்தளங்களில் இருந்த தையல் ஆலைகள் மறுநாள் காலை ஆட்களை உள்ளே வரவழைத்தன. 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆபத்து என்று சொல்ல ஆள் இருந்தார், சொன்ன பிறகு கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் அங்கே யாரும் இல்லை. அதனால் பயிற்சி வேண்டும் என்று நீங்கள் கேட்கும்போது, ஆதரவும் வேண்டும் என்று அதே மூச்சில் கேட்க வேண்டும். பயிற்சி மட்டும் கொடுத்து ஆதரவு தராவிட்டால், தப்பு நடக்கிறது என்று தெரிந்தும் தூங்க முடியாமல் கிடக்கும் ஆட்களைத்தான் உண்டாக்குவோம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் வலித்தது.

சரி, பயிற்சி. விதித் தொகுப்பை மனப்பாடம் செய்யாதீர்கள். எந்த அத்தியாயத்தில் எது இருக்கிறது என்று விரல் போக வேண்டும், அவ்வளவு போதும். வேலை கற்றுக்கொள்வது ஒரு மூத்த ஆய்வாளர் பின்னால் நடந்துதான். எனக்கு வாய்த்தவர் அதிகம் பேச மாட்டார். முதல் வாரம் ஒரு தூண் சென்ட்ரிங் முன்னால் என்னை நிறுத்தி, கம்பியெல்லாம் சரியா என்று கேட்டார். எண்ணிப் பார்த்து, அளந்து பார்த்து, சரி என்றேன். டார்ச்சை என் கையில் கொடுத்து உள்ளே அடிவரை அடித்துப் பார் என்றார். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மரத்தூள், வெட்டிப்போட்ட கட்டுக்கம்பித் துண்டுகள், ஒரு சிமெண்ட் பைக் கிழிசல். அதன்மேல் கான்கிரீட் போட்டிருந்தால் தூண் நின்றிருக்கும் இடத்தில் குப்பைதான் நின்றிருக்கும். பலகையை அடியில் திறந்து, கழுவி, திரும்ப அடைத்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தார். எந்த விதியின் எந்தப் பிரிவு என்று அவர் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு முப்பது வருடம் டார்ச் இல்லாமல் நான் சைட்டுக்குப் போனதில்லை.

இன்னொன்று, என் மூன்றாம் வருடத்தில் நடந்தது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பால்கனி ஸ்லாப். அதில் இழுவிசை மேல்பக்கத்தில் வரும், அதனால் முக்கியக் கம்பி மேலேதான் இருக்க வேண்டும். காலையில் போய்ப் பார்த்தேன், கம்பி மேலேதான் இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த சைட்டுக்கு ஓடினேன். கான்கிரீட் போடும்போது ஆட்கள் சட்டியோடு அந்தக் கம்பிமேலேயே நடந்திருக்கிறார்கள், கீழே தாங்க ஸ்டூல் கம்பி போதுமான அளவு இல்லை, எல்லாம் அடியில் போய்ப் படுத்துவிட்டது. கான்கிரீட் இறுகும்வரை கீழே தாங்கியிருந்த முட்டுகளை எடுத்த அன்றைக்கு பால்கனி சுவரோரமாகப் பிளந்து தொங்கியது. கீழே அந்த நேரம் யாரும் இல்லை என்பதால்தான் இன்றைக்கு இதை என்னால் எழுத முடிகிறது. கம்பி சரியா என்று பார்ப்பதோடு, கான்கிரீட் விழும்போதும் அது அங்கேயே இருக்குமா என்று பார்க்க வேண்டும் என்பதை நான் அப்படித்தான் கற்றேன். நீங்கள் அப்படிக் கற்க வேண்டாம் என்பதற்காகத்தான் கூடவே ஒரு மூத்தவர் வேண்டும் என்கிறேன்.

ஆகவே அலுவலகத்தில் கேட்க வேண்டியது இன்னொரு வகுப்பறைப் பயிற்சி என்று இருந்துவிட வேண்டாம். ஆறு மாதம் ஒரு அனுபவசாலியோடு சேர்ந்து ஆய்வுக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். அடித்தளம், தூண், பீம், ஸ்லாப், முட்டு எடுப்பது, தீத்தடுப்பு, மின்சாரம், ஒவ்வொரு கட்டத்தையும் சில முறையாவது அவர் ஆய்வு செய்ய நீங்கள் நின்று கவனித்து, அப்புறம் நீங்கள் ஆய்வு செய்ய அவர் நின்று கவனித்து, பிறகுதான் தனியாகப் போக வேண்டும். இது அதிகப்படியான ஆசை இல்லை. இங்கிலாந்தில், லண்டனின் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு வந்த 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2024 ஏப்ரலிலிருந்து கட்டட ஆய்வாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதில் முதல் வகுப்பின் பெயரே பயிற்சி ஆய்வாளர், மேற்பார்வையில் மட்டும்தான் வேலை செய்யலாம். மேல் வகுப்புக்குப் போக, திறமையை வெளி அமைப்பு ஒன்று மதிப்பிட வேண்டும். 72 பேர் இறந்த பிறகு வந்த ஏற்பாடு அது.

முட்டு எடுப்பதைப் பற்றித் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அது பாடத்திட்டங்களில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. கான்கிரீட் ஏழு நாளில் 28 நாள் வலிமையில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் பிடிக்கும், குளிரில் அதுவும் தாமதமாகும். 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் ஒரு குளிர்விப்புக் கோபுரத்தில், முதல் நாள் போட்ட கான்கிரீட்டிலேயே சாரத்தைத் தொங்கவிட்டு மேலே வேலை செய்தார்கள். அது இன்னும் இறுகவில்லை. 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். உங்கள் நான்கு மாடியில் முட்டு எடுக்க எவ்வளவு நாள் என்று ஒப்பந்ததாரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அதே கான்கிரீட்டில் வார்த்த கட்டிகளை நசுக்கி வலிமை பார்க்கும் க்யூப் டெஸ்ட்டின் முடிவைக் காட்டச் சொல்லுங்கள்.

வேலைச்சுமையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன்: ஒரு நாளைக்கு எத்தனை சைட்? கிரென்ஃபெல் கோபுரத்தின் புதுப்பிப்பு வேலையைக் கவனித்த ஆய்வாளரிடம் ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் 130 வேலைகள் வரை இருந்ததாக விசாரணையில் வெளிவந்தது. அவ்வளவையும் ஒருவர் பார்க்க முடியாது, கையெழுத்து மட்டும்தான் போட முடியும். 1992-ல் ஆண்ட்ரூ புயல் தென் ஃபுளோரிடாவை அடித்தபோது, கடுமையான விதி என்று பெயர் வாங்கிய ஊரிலேயே கூரைப் பலகைகள் பறந்தன. போய்ப் பார்த்தால் ஆணிகளில் பல, அடியில் இருந்த சட்டத்தைத் தொடாமல் காற்றில் இறங்கியிருந்தன. விதி புத்தகத்தில் நன்றாகவே இருந்தது, ஏறிப் பார்க்க ஆளும் நேரமும் இல்லை. அதற்குப் பிறகு அங்கே காப்பீட்டுத் துறை ஒவ்வோர் ஊரின் ஆய்வுத் துறைக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போடத் தொடங்கியது, 1 என்றால் மிக நல்லது. என்ன விதி வைத்திருக்கிறீர்கள் என்பதோடு ஆய்வாளர்கள் எத்தனை பேர், என்ன பயிற்சி பெற்றவர்கள், ஓர் ஆய்வுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்றெல்லாம் பார்க்கிறார்கள். அதனால் நீங்கள் தினமும் எத்தனை இடத்துக்குப் போனீர்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆள் பற்றாக்குறை என்று புலம்பினால் யாரும் கேட்க மாட்டார்கள், மூன்று மாதக் கணக்கை மேசையில் வைத்தால் ஒருவராவது புரட்டிப் பார்ப்பார்.

மேலதிகாரியிடம் பேசும்போது குற்றம்சாட்டும் தொனி வேண்டாம். அவருக்கும் மேலே யாரோ போன் செய்திருப்பார்கள். அவரிடம் ஓர் ஏற்பாட்டைக் கேளுங்கள்: ஆய்வாளர் எழுதிய நிறுத்தக் குறிப்பை யார் ரத்து செய்தாலும் அதே படிவத்தில், அதே நாளில், காரணத்தோடு எழுத வேண்டும். இது அவருக்கும் பாதுகாப்பு. அடுத்த முறை போன் வரும்போது, எழுதாமல் என்னால் எதுவும் செய்ய முடியாது என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். மிரட்டல் வாடை அடிக்கும் சைட்டுகளுக்கு இருவராகப் போகவும், பிரச்சினை வந்தால் துறையின் வழக்கறிஞர் யார், அவரை எப்போது கூப்பிடலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ராணா பிளாசாவுக்குப் பிறகு அங்கே உருவான பாதுகாப்பு உடன்படிக்கையில் பொறியாளர்களின் ஆய்வறிக்கைகளை ஆலை வாரியாக எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். எல்லோரும் படிக்கக்கூடிய அறிக்கையை போனில் மாற்ற முடியாது. உங்கள் அலுவலகத்தில் அது நாளைக்கே வராது, ஆனாலும் கேட்டு வையுங்கள்.

சைட்டில் மேஸ்திரியைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். கம்பி கட்டுபவருக்கு 135 டிகிரி கொக்கி ஏன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதை மடக்குவது சிரமம், கை வலிக்கும், நேரம் கூடும், அதனால் விடுகிறார். ஒரு துண்டுக் கம்பியை எடுத்து இரண்டு விதமாகவும் மடக்கி, நடுவில் கட்டையை வைத்து நெம்பிக் காட்டுங்கள். எது திறக்கிறது என்று அவர் கண்ணாலேயே பார்ப்பார். நான் இப்படிக் காட்டியவர்களில் பலர் அடுத்த சைட்டில் தாங்களாகவே சரியாகக் கட்டினார்கள். வயதில் சின்னவள், அதிலும் பெண் என்று அலட்சியம் செய்பவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் வாதாடாமல் டேப்பை வைத்து அளந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லி, அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள்.

வேலையை விடுவதா என்று கேட்டீர்கள். இப்போது விடாதீர்கள். உங்களுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம், கண் பார்க்கிறது, கை கட்டிப்போடப்பட்டிருக்கிறது. கையை அவிழ்க்கச் சொல்லி ஆறு மாதம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒருவரும் அசையவில்லை என்றால் வேறு அலுவலகம் தேடுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, உங்கள் நோட்டு உங்களோடு வரும்.

இந்த வாரம் அந்த ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும், ஸ்லாப் கம்பி கட்டி முடிக்கும் முன்னால். அலுவலகத் தபால் பதிவேட்டில் எண் போட்டு, ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கவர் மீட்டர் வந்தால் நீங்களும் கூடவே நில்லுங்கள், தரையிலிருந்து முதல் அரை மீட்டரை நான்கு பக்கமும் ஓட்டச் சொல்லுங்கள், மூலைத் தூண்களை விட்டுவிடாதீர்கள். என்ன அளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள், வடிவமைத்தவரின் பதிலையும் சேர்த்து அனுப்பினால் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.